2023 ரக்பி உலகக் கோப்பையின் சிறந்த வீரர்கள் யார்? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பிரான்சில் நடந்த 2023 ஆண்கள் உலகக் கோப்பையைப் பற்றிய கேள்வி இது. ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) எண்ணிக்கையையும் புள்ளிப் பட்டியலையும் மட்டும் பார்த்து 15 பேரை எடுத்தால் தப்பான அணிதான் வரும். முதல் சுற்றில் நமீபியாவை பிரான்ஸ் 96-0 என்று வென்றது, இத்தாலியை நியூசிலாந்து 96-17 என்று வென்றது. அந்த மாதிரி ஆட்டங்களில் எண்கள் ஊதிப் பெருகிவிடும். இங்கிலாந்தின் ஹென்றி அருண்டெல் சிலிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 ட்ரை போட்டார், ஆனால் காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் அவரை அணியிலேயே எடுக்கவில்லை.

அதனால் நான் பார்ப்பது, தோற்றால் வெளியே என்கிற ஆட்டத்தில், எதிரணியும் பலமாக இருக்கும்போது, எல்லோருக்கும் கால் தளர்ந்த கடைசி 20 நிமிடத்தில் அந்த ஆள் என்ன செய்தார் என்பதைத்தான். தென்னாப்பிரிக்கா காலிறுதியில் பிரான்சை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்று வென்றது. மூன்றுமே ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளி யாரால் வந்தது என்று தேடினாலே பாதி அணி கிடைத்துவிடும்.

என் அணியில் முதல் பெயர் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட். இறுதிப் போட்டியில் 28 டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது). நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் பந்தைத் தொட்ட போதெல்லாம் இவர் மேலே வந்து விழுந்தார், ஓடி வேகம் எடுக்கவே விடவில்லை. ஃபிளாங்கர் (டேக்கிளில் அதிகம் உழைக்கும் முன்கள வீரர்) செய்யும் இந்த வேலை தொலைக்காட்சியின் மறு ஒளிபரப்புத் துண்டுகளில் வருவதே இல்லை, முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

8ஆம் எண்ணுக்கு (முன்கள வீரர்களில் கடைசியில் நிற்பவரின் இடம்) நியூசிலாந்தின் ஆர்டி சவேயா, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கிலாந்தின் பென் ஏர்லும் அருமையாக ஆடினார், ஆனால் இறுதிப் போட்டியில் கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, 14 பேரோடு நின்ற நியூசிலாந்தைக் கடைசி வரை ஆட்டத்தில் வைத்திருந்ததில் சவேயாவின் பங்கு பெரியது. இறுதியில் ஆரோன் ஸ்மித் போட்ட ட்ரை செல்லாமல் போனதற்கு, அதற்கு முன் லைன்அவுட்டில் (பந்து வெளியே போனபின் ஓரத்திலிருந்து வீசி ஆட்டத்தைத் தொடங்குவது) சவேயா பந்தை முன்னால் தவறவிட்டதுதான் காரணம் என்பதும் தெரியும். இருந்தாலும் என் முடிவு மாறாது.

பிராப் (ஸ்க்ரம் என்கிற, இரு அணி முன்கள வீரர்களும் கோத்துக்கொண்டு தள்ளும் மோதலில் முன்வரிசையில் நிற்பவர்) இடத்தில் தென்னாப்பிரிக்காவின் ஆக்ஸ் நிச்சே. அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார், அவரை எப்படி 15 பேரில் சேர்ப்பீர்கள் என்று கேட்பார்கள். அரையிறுதியைப் போட்டுப் பாருங்கள். மழை, தென்னாப்பிரிக்கா பின்தங்கி நிற்கிறது, ஓவன் ஃபாரெல் இங்கிலாந்தின் 15 புள்ளிகளையும் தன் காலாலேயே எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் நிச்சே உள்ளே வந்ததும் இங்கிலாந்தின் ஸ்க்ரம் ஆட்டம் கண்டது, அங்கே கிடைத்த பெனால்டியைத்தான் ஹாண்ட்ரே பொலார்ட் வெகு தூரத்திலிருந்து உதைத்து வெற்றியாக்கினார். ஃபாரெல் 75 புள்ளிகளோடு தொடரில் முதலிடம், ஆனாலும் 10ஆம் எண்ணை (ஆட்டத்தை வழிநடத்துபவரின் இடம்) நான் பொலார்டுக்குத்தான் கொடுப்பேன். முதலில் அறிவித்த அணியில் அவர் பெயரே கிடையாது, மால்கம் மார்க்ஸ் காயப்பட்டதால் நடுவில் வந்து சேர்ந்தவர். இறுதியில் தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளியும் அவருடையது. அதே இரவில் நியூசிலாந்தின் ரிச்சி மௌங்காவின் கன்வெர்ஷனும் (ட்ரைக்குப் பின் கிடைக்கும் 2 புள்ளி உதை) ஜோர்டி பாரெட்டின் நீண்ட தூரப் பெனால்டியும் தவறிப்போயின.

விங்கில் (களத்தின் ஓரத்தில்) ஒரு பக்கம் நியூசிலாந்தின் வில் ஜோர்டன். 8 ட்ரை, ஒரே உலகக் கோப்பையில் அதிக ட்ரை என்கிற சாதனையைச் சமன் செய்தார், ஜோனா லோமு, பிரையன் ஹபானா, ஜூலியன் சவேயா ஆகியோருக்கு இணையாக. எண்களை நம்பாதே என்று சொல்லிவிட்டு இவரை எடுப்பதற்குக் காரணம், அதில் 4 ட்ரை காலிறுதியிலும் அரையிறுதியிலும் வந்தவை. மறுபக்கம் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே. காலிறுதியில் பிரான்சின் தோமா ராமோஸ் கன்வெர்ஷனுக்கு ஓடத் தொடங்கியதுமே ட்ரை கோட்டிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தட்டிவிட்டாரே, அது 2 புள்ளி, ஆட்டம் முடிந்தது ஒரு புள்ளியில். அந்த முயற்சியை யாரும் எதிர்பார்க்கவில்லை, பத்துக்கு ஒன்பது முறை வீணாகிற ஓட்டம் அது, அதைத்தான் அவர் முழு வேகத்தில் ஓடினார்.

லாக்கில் (ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை) தென்னாப்பிரிக்காவின் எபன் எட்ஸெபெத், கூடவே நியூசிலாந்தின் ஸ்காட் பாரெட். ஆனால் நியூசிலாந்தின் சாம் ஒயிட்லாக்கை வெளியே விடுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அயர்லாந்துக்கு எதிரான காலிறுதியின் முடிவில் 37 கட்டங்கள் (டேக்கிளுக்குப் பின் பந்தை மறுபடி எடுத்துத் தொடரும் சுற்றுகள்) நீண்ட அயர்லாந்தின் தாக்குதலை, பந்தின் மேல் கை வைத்து முடித்தவர் அவர்தான். நடுக்களத்தில் பண்டி ஆக்கி. அயர்லாந்து காலிறுதியோடு போனது அவர் குற்றம் இல்லை, அந்த ஆட்டத்திலும் அழகான ட்ரை போட்டார்.

அப்புறம், சீக்கிரம் வெளியேறிய அணிகளுக்கு நாக் அவுட் அளவுகோல் அநியாயம் செய்யும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆகவே மாற்று வீரர்களில் ஓர் இடத்தைப் போர்ச்சுகலின் நிக்கோலாஸ் மார்டின்ஸுக்கு வைத்திருக்கிறேன். ஃபிஜியை 24-23 என்று வென்று உலகக் கோப்பையில் தன் முதல் வெற்றியைப் பெற்ற அந்த அணியின் ஃபிளாங்கர் அவர், பெரிய அணிகள் எதிலும் அவரைத் தைரியமாக இறக்கலாம்.