பதில்: புது மென்பொருள் வருகிறது, ஆய்வகத்தை யாரும் கேட்கவில்லை

வணக்கம். அடுத்த மாதம் மின்னணு மருத்துவப் பதிவு தொடங்குகிறது, ஆய்வகத்திலிருந்து ஒருவரைக்கூடக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை, "கடைசி வாரம் பயிற்சி தருகிறோம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பயிற்சி வேறு, வடிவமைப்பில் பங்கு வேறு.

முதலில் மென்பொருளில் ஏற்றியிருக்கும் பரிசோதனைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி வகை, குழாய், அலகு, இயல்பு வரம்பு என ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ரத்த குளுக்கோஸும் தண்டுவடத் திரவ குளுக்கோஸும் ஒரே குறியீட்டில் இருக்கக் கூடாது. அலகு இன்னும் முக்கியம்: டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்பது லிட்டருக்கு 5 மில்லிமோல். அளவு ஒன்றே, எண் வேறு.

அப்புறம், மென்பொருளின் சோதனை ஓட்டத்தில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். சாதாரண முடிவு பெரும்பாலும் ஒழுங்காகவே போய்விடும். சிக்கல் மற்றவற்றில்தான். சிவப்பணு சிதைந்த மாதிரியில் பொட்டாசியம் பொய்யாகக் கூடி 6.8 என்று போகிறது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து 4.2 என்று திருத்துகிறீர்கள். ஆய்வகத் திரையில் சரியாகிவிடும். வார்டில் மருத்துவரின் திரையில்? பழைய எண்ணே நின்றால் அதை வைத்துத்தான் சிகிச்சை நடக்கும். பக்கத்தில் நின்று நேரில் பாருங்கள். இடைக்கால கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையையும் இப்படியே அனுப்பிப் பாருங்கள்.

இதையெல்லாம் துறைத் தலைவர் வழியாக எழுத்தில் கேளுங்கள், அதற்கான பணிநேர விடுவிப்போடு. இரவுப் பணியாளர் ஒருவரையும் சேருங்கள். நடுராத்திரியில் கணினி நின்றால் முடிவுகளைக் கையால் எழுதி அனுப்பப்போவது அவர்தான்.