மேலாளர் ஏன் ‘ஒண்டரிங்’ என்று எழுதினார்?

கேள்வி: எங்கள் மேலாளரின் மின்னஞ்சலில் ‘ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் ஸ்டே லேட் டுடே’ என்று இருந்தது. அகராதியில் ‘ஒண்டர்’ என்பதற்கு வியத்தல் என்று போட்டிருக்கிறது. இன்றைய வேலையைப் பற்றி அவர் ஏன் இறந்தகாலத்தில் வியக்க வேண்டும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அகராதி சொன்ன பொருள் தவறன்று, இந்த இடத்துக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். ‘ஒண்டர்’ என்பதை அடுத்து ‘அட்’ வந்தால் வியத்தல். ‘இஃப்’, ‘வெதர்’, ‘வொய்’ முதலியவை வந்தால், விடை தெரியாத ஒன்றை மனத்துக்குள் கேட்டுப் பார்த்தல். ‘ஷீ வாஸ் ஒண்டரிங் வேர் த கீ வாஸ்’ என்றால், சாவி எங்கே போயிற்று என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று பொருள். இது உண்மையான இறந்தகாலம்.

உங்கள் மேலாளரின் வாக்கியமோ, இன்று கூடுதல் நேரம் இருந்து வேலை செய்ய முடியுமா என்ற வேண்டுகோள். அதில் காலம் நிகழ்காலமே. வினையின் வடிவம் மட்டும் மரியாதைக்காகப் பின்னே நகர்ந்திருக்கிறது. ‘ஐ ஒண்டர் இஃப்’ என்பதே பணிவான தொடக்கம்தான் என்றாலும், அதை இறந்தகாலமாக்கும்போது, கோரிக்கை உங்கள் முன் வந்து நின்று விடை கேட்காமல், முன்பு தோன்றிய ஓர் எண்ணமாகச் சற்று ஒதுங்கிக்கொள்கிறது. ‘ஒண்டரிங்’ என்று ‘இங்’ சேர்ந்து வரும் தொடர்வினையோ அந்த எண்ணம் இன்னும் முடிவாகவில்லை, நீங்கள் மறுக்கவும் இடமுண்டு என்று உணர்த்துகிறது. நாமும் ஒருவரின் எதிரில் நின்றுகொண்டே ‘உங்களிடம் ஓர் உதவி கேட்கலாம் என்றிருந்தேன்’ என்று சொல்கிறோம் அல்லவா? நாம் ‘கேட்கிறேன்’ என்று சொல்லாததற்கும் இதுவே காரணம்.

‘ஐ வாஸ் ஹோப்பிங்’ என்பதும் இவ்வகைதான். ஆனால் ‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’ என்று நம்மவர் பலர் எழுதுவது பிழை. அறிந்திருத்தல் ஒரு நிலையாதலால் ‘ஐ நியூ ஹிம்’ என்பதே சரி.

இத்தகைய மின்னஞ்சலுக்கு விடை எழுதும்போது மேலாளரின் யோசனையை விட்டுவிட்டு, வேண்டுகோளுக்கு நிகழ்காலத்தில் நேராகப் பதில் சொல்லுங்கள்: ‘யெஸ், ஐ கேன்’ அல்லது ‘சாரி, ஐ கான்ட் டுடே’. நீங்கள் பிறரிடம் சலுகையாக ஒன்றைக் கேட்கும்போது இவ்வடிவம் மிக நன்றாகப் பொருந்தும். வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அது உரிமை என்பதால் ‘ப்ளீஸ்’ சேர்த்து நேரடியாகவே எழுதலாம்.