அக்கரைச் சிமெண்ட்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் முதுகலை படிக்கிறேன். பூடான், ஐஸ்லாந்து இரண்டின் தொழில்துறை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். உலகக் கணக்கில் இரண்டும் துளி அளவு. இரண்டிலும் நீர்மின்சாரம். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஐஸ்லாந்து பல மடங்கு மேலே போகிறது. பூடானின் தொழில்தான் தூய்மையானது என்று முடிக்கலாமா? பூடானின் காடுகளையும், ஐஸ்லாந்து பாறைக்குள் வாயுவைச் செலுத்துவதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

அப்படி முடிக்கக் கூடாது.

சீனாவையும் அமெரிக்காவையும் வைத்து எல்லோரும் எழுதியதையே எழுதாமல் இந்த இரண்டை எடுத்தீர்களே, அதற்கே உங்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி எரிக்காத நாட்டில் ஆலைக்குக் கார்பன் எங்கிருந்து வருகிறது என்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும். ஆனால் இவ்வளவு நல்ல இணையைப் பிடித்துவிட்டு, மொத்தத்தை மக்கள்தொகையால் வகுத்து ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம்.

காட்டை விடுங்கள். அது நிலப்பயன்பாட்டுக் கணக்கு. பாறைக்குள் போவது பெரும்பாலும் ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்தின் வாயு, அலுமினிய ஆலையுடையது அல்ல. இரண்டையும் அடித்துவிடுங்கள்.

ஐஸ்லாந்தில் ஆள் நான்கு லட்சத்தை ஒட்டித்தான். அங்குள்ள மூன்று அலுமினிய ஆலைகளின் கொள்திறனோ ஆண்டுக்கு எட்டு லட்சம் டன்னுக்கு மேல். அலுமினாவிலிருந்து (அலுமினிய ஆக்சைடு) ஆக்சிஜனைப் பிரிக்கும்போது கார்பன் நேர்மின்வாய் கரைகிறது. ஒரு டன் உலோகத்துக்குக் கோட்பாட்டுப்படி 333 கிலோ கார்பன் போதும். நடைமுறையில் 400 கிலோவைத் தாண்டும்: மின்வாயின் மேற்பகுதி காற்றுப் பட்டு எரிகிறது, பிரிந்த உலோகத்தில் ஒரு பகுதி வாயுவோடு மீண்டும் சேர்ந்துவிடுகிறது. ஆகவே டன்னுக்குச் சுமார் 1.6 டன் கார்பன் டை ஆக்சைடு. மின்சாரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது குறையாது. அந்த உலோகம் அநேகமாக முழுவதும் கப்பலேறி வெளிநாடு போகிறது. அதை ரெய்க்யவிக் குடிமகன் தலையில் வகுத்தால் என்ன அர்த்தம்? டன் உற்பத்தியால் வகுங்கள்.

பூடானில் பாசாக்காவின் ஃபெர்ரோசிலிக்கான் (இரும்பும் சிலிக்கானும் சேர்ந்த கலப்புலோகம்) உலைகளும் அப்படியே. 75 சதவீதத் தரத்தில் டன்னுக்கு ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) தரும் பொது மதிப்பு 4 டன் கார்பன் டை ஆக்சைடு. குளிர்காலத்தில் பூடானின் ஆறுகள் வற்றி, இந்தியாவிலிருந்து மின்சாரம் வாங்குவார்கள். அந்த மின்சாரத்துக்கு எரிந்த நிலக்கரி இந்தியக் கணக்கில் விழும்.

இனி சிமெண்ட். உங்கள் கடிதம் வந்தபோது நான் யோசித்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். நம் கடலோரத்துச் சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதுதான் சிமெண்ட் சூளையிலும் முதலில் நடக்கிறது. 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரிபொருளை மாற்றலாம், சூளையைச் செம்மையாகக் கட்டலாம், அந்த 44 அப்படியேதான் இருக்கும். (சுண்ணாம்புச் சாந்து சுவரில் இறுகும்போது அதில் பெரும்பகுதியை மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சிமெண்ட் அந்த அளவுக்கு எடுக்காது.) சூளையில் சுட்டு வரும் கட்டிதான் கிளிங்கர், அதை அரைத்தால் சிமெண்ட். கிளிங்கரில் கால்சியம் ஆக்சைடு (அதாவது சுண்ணாம்பு) சுமார் 65 சதவீதம். சூளைத் தூசியாகப் போகும் 2 சதவீதத்தையும் சேர்த்தால் ஒரு டன் கிளிங்கருக்கு 0.52 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். எரிபொருளின் கார்பன் இதில் இல்லை. அது எரிசக்தி அட்டவணையில் இருக்கும். இரண்டையும் 'தொழில்துறை' என்றே தலைப்பிடும் பட்டியல்கள் உண்டு. ஒரு நாட்டுக்கு ஒன்றையும் மற்ற நாட்டுக்கு இன்னொன்றையும் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே செத்தது. சில பழைய பட்டியல்கள் எடையைக் கார்பனாகத் தருகின்றன. அவற்றை 3.667-ஆல் பெருக்க வேண்டும்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம், 0.52-ஐச் சிமெண்ட் எடையோடு பெருக்குவது. ஒரு ஆலை ஒரு லட்சம் டன் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் செய்கிறது, அதில் 30 சதவீதம் ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), 5 சதவீதம் ஜிப்சம் என்று வையுங்கள். கிளிங்கர் 65,000 டன்தான். விடை 33,800 டன். நேரடியாகப் பெருக்கினால் 52,000 வரும். சிறிய நாட்டில் இந்த ஒரு பிழையே முடிவைக் கவிழ்த்துவிடும்.

ஐஸ்லாந்தில் ஆக்ரனெஸ் ஊரில் இருந்த ஒரே சிமெண்ட் ஆலை 2010-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன்பின் அவர்கள் அட்டவணையில் சிமெண்டுக்கான வரி காலி. வீடு கட்டுவதையா நிறுத்தினார்கள்? சிமெண்ட் கப்பலில் வருகிறது, வாயு விற்ற நாட்டின் கணக்கில் ஏறுகிறது. பூடானில் நேர்மாறு: சிமெண்ட் ஆலைகள் உள்ள கோம்டுவும் ஙங்லமும் இந்திய எல்லையோரத்தில் இருக்கின்றன, அங்கே செய்யும் சிமெண்டில் ஒரு பங்கு இந்தியாவுக்குள் வருகிறது. நம் டெல்டாவையே தனி நாடாக்கிக் கணக்கெழுதுங்கள். கிளிங்கர் வரியில் பூஜ்யம் விழும். மன்னார்குடி மாடி வீடுகளுக்கான சிமெண்டோ கொள்ளிடத்துக்கு அக்கரையில், அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் சுட்டது. அதனால் டெல்டா அரியலூரைவிடத் தூய்மை என்று உங்கள் பேராசிரியரிடம் சொல்வீர்களா? பூடானையும் ஐஸ்லாந்தையும் பற்றி மட்டும் எப்படித் துணிகிறீர்கள்?

நாட்டுக்குள் சுட்ட கிளிங்கர், வெளியே போனது, உள்ளே வந்தது என்று மூன்று நிரல்கள் போடுங்கள். சிமெண்டையும் கிளிங்கராக மாற்றியே எழுதுங்கள். ஒரே ஆண்டை எடுக்காதீர்கள்: ஒரு உலை பழுதுக்கு நின்றாலே சிறிய நாட்டின் வரைபடம் சரியும், அதைக் கொள்கையின் வெற்றி என்று எழுதிவிடுவீர்கள். கிளிங்கர் அளவு கிடைக்காவிட்டால் சிமெண்ட் உற்பத்தியை வகைவாரியாகத் தேடுங்கள். நம்மூர் மூட்டையில் ஐ.எஸ். 1489 (பகுதி 1) என்றிருந்தால் ஃபிளை ஆஷ் கலந்தது, 455 என்றால் இரும்புக் கசடு கலந்தது. வகையும் தெரியாத ஆண்டுக்குக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.