நெரிசலைச் சொல்லிக் கேட்டால் வகுப்பறைதான் கிடைக்கும், பள்ளி கிடைக்காது

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு ஆறரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிரிவு, பிரிவுக்கு 70 பேர். எங்கள் ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று ஒரு தரப்பு, பழைய பள்ளியான அந்த மேல்நிலைப் பள்ளியில் கூடுதல் வகுப்பறை கட்டினால் போதும் என்று இன்னொரு தரப்பு. எது சரி?

இரண்டு தரப்பும் இரண்டு வெவ்வேறு கோரிக்கைகளை ஒரே மனுவில் போட்டுக் குழப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஊர்களில் இதுதான் நடக்கிறது. "ஒரு வகுப்பில் 70 பிள்ளைகள்" என்று எழுதிய மனு, கூடுதல் வகுப்பறைக் கோரிக்கையாகத்தான் கோப்பில் ஏறும். புதிய பள்ளி என்பது உங்கள் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதுதான். அதற்குப் பார்ப்பது வேறு மூன்றை: தூரம், ஒன்பதாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை, நிலம். புதிய பள்ளி கேட்பவர்கள் நெரிசலை முதல் பத்தியில் வைத்தால், தங்கள் மனுவைத் தாங்களே எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பிரிவு, 70 வீதம் 280 பேர். பிரிவுக்கு 40 பேர் என்றால் ஏழு அறை வேண்டும், மூன்று குறைகிறது. இப்போது உங்கள் ஊரில் பள்ளி வந்தால் எத்தனை பேர் விலகுவார்கள்? உங்கள் பள்ளி எட்டாம் வகுப்பில் 32, பக்கத்து இரண்டு நடுநிலைப் பள்ளிகளில் 21, 18 என்று வையுங்கள். மொத்தம் 71. தனியார் பள்ளிக்கும் வெளியூர் விடுதிக்கும் போகிறவர்கள் 15 பேரைக் கழித்தால் 56. பழைய பள்ளியில் மீதி 224. நான்கு அறையில் அப்போதும் 56 பேர் வீதம் உட்கார்வார்கள். ஆறு அறை வேண்டும், இரண்டு குறையும். ஆக, உங்கள் பள்ளி வந்தாலும் அங்கே அறை கட்டித்தான் ஆக வேண்டும். வகுப்பறை கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்று இதனால்தான் சொல்கிறேன். நான் புதிய பள்ளிக்கு எதிரி என்று யாரும் பாய வேண்டாம். உங்கள் வாதம் எங்கே பலவீனமானது என்று எதிர்த்தரப்புக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வலுவான இடம் தூரம். உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2009இல் தொடங்கிய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் அளவுகோல். உங்களுடையது ஆறரை. ஆனால் "ஆறரை இருக்கும்" என்று வாயால் சொன்னால் செல்லாது. பள்ளி வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, பிள்ளைகள் உண்மையில் போகும் சாலை வழியே அளந்து, வழியில் தரைப்பாலமோ ரயில்வே கேட்டோ நான்குவழிச் சாலையோ குறுக்கிட்டால் அதையும் குறித்து வரைபடம் இணையுங்கள். காலைப் பேருந்து எத்தனை மணிக்கு, மாலை எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று மூன்று வரி. இலவசப் பயண அட்டை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று வரி போதும்.

அதைவிட வலுவானது ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் தேடி எடுப்பதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களில், ஒன்பதில் சேராமல் நின்றவர்கள் எத்தனை பேர்? மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போகும். அடுத்த பள்ளி சேர்க்கும் வரை அங்கேயே கிடக்கும். தலைமை ஆசிரியரால் அந்த எண்ணிக்கையைச் சொல்ல முடியும். ஆண், பெண் என்று பிரித்து வாங்குங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நின்றவர்களில் பெண் பிள்ளைகள் கூடுதல் என்றால், உங்கள் மனுவின் முதல் வரி அதுதான். எண்ணிக்கை தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அடுத்து நிலம். ஊர்ச் சண்டை உண்மையில் தொடங்குவது இங்கேதான். ஊராட்சி தீர்மானம் போட்டுவிட்டால் புறம்போக்கு பள்ளிக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நிலம் வருவாய்த் துறையுடையது. நில மாற்றக் கோப்பு வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று போக வேண்டும். முதல் வேலையாகக் கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று வகைப்பாடு இருந்தால், அதில் பத்தாண்டாகத் தண்ணீரே நிற்கவில்லை என்றாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் என்றால் வழக்கு உறுதி. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் மாற்று நிலம் கேட்பார்கள். தனியார் கொடுத்தால் தானப் பத்திரம் அரசின் பெயரில், பள்ளிக் கல்வித் துறைக்கு என்று பதிவாக வேண்டும். ஊர்ப் பெரியவர் பெயரிலோ கோயில் கமிட்டி பெயரிலோ எழுதிவிட்டு பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் வாரிசுகள் வந்து நிற்பார்கள். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். மதுரை யா.கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், அங்கிருந்த நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்று 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் முறையாகப் பதிவு செய்து கொடுத்தது நினைவிருக்கும். முதலில் பத்திரம், பிறகு பாராட்டு. அந்த வரிசை முக்கியம்.

எந்தத் தெருப் பக்கம் பள்ளி வருகிறது என்பதில் சாதி புகும். மறைத்துப் பேசிப் பயனில்லை. ஒரு பிரிவுப் பிள்ளைகள் நடக்கத் தயங்கும் தெரு வழியாகத்தான் வாசலுக்குப் போக முடியும் என்றால், அந்த இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். எல்லாரும் வரக்கூடிய பொதுச் சாலையில் வாசல் இருக்க வேண்டும்.

கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது அருகில் வருகிறதோ அதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதனால் அந்தத் தீர்மானத்துக்குத் தனி எடை உண்டு. இரண்டு தீர்மானத்திலும் பள்ளியின் அடையாள எண்ணான 11 இலக்க யுடைஸ் எண், நிலத்தின் சர்வே எண், பரப்பு மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் 214/2, இன்னொன்றில் 214/2அ என்று வந்தாலே கோப்பு திரும்பிவிடும். பிறகு மனு வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் வழியே முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போகட்டும். தரம் உயர்த்தச் சொல்லி அவர் மேலே அனுப்பும் கருத்துருவில் உங்கள் பள்ளி பெயர் ஏறியதா என்பதுதான் கேள்வி. திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கும் மனு இதற்குத் துணை, மாற்று அல்ல.

பொதுமக்கள் பங்குத்தொகை என்று உயர்நிலைக்கு 1 லட்சம், மேல்நிலைக்கு 2 லட்சம் ரூபாய் நெடுங்காலம் வசூலானது. உங்கள் கருத்துருவுக்குக் கேட்கிறார்களா என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் அரசுக் கணக்கில் செலுத்துச் சீட்டோடு கட்டுங்கள். யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

பழைய பள்ளி ஆசிரியர்கள் எதிர்ப்பதற்குக் காரணம் பணியிடம். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். குறைந்தால் உபரி, உபரி என்றால் பணி நிரவலில் வேறு ஊர். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் மேலே போட்ட கணக்கைக் காட்டுங்கள்: 56 பேர் போனாலும் ஒன்பதில் ஆறு பிரிவுக்கான பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நடப்பதோ நான்கு பிரிவு.

தரம் உயர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதிலும் மிகையான நம்பிக்கை வேண்டாம். வழக்கமாக ஒரு தலைமை ஆசிரியர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியலுக்கு ஐந்து பட்டதாரி ஆசிரியர் பணியிடம். ஆறு முதல் எட்டு வரை உயர்நிலைப் பள்ளிக்கு மாறும், ஒன்று முதல் ஐந்து வரை தொடக்கப் பள்ளியாகப் பிரியும். முதல் ஆண்டு ஒன்பது மட்டும், அடுத்த ஆண்டு பத்து. கட்டடம் நபார்டு வங்கிக் கடனில் பொதுப்பணித் துறை கட்டும் வரை, அதே பழைய அறைகளில் இரண்டு பள்ளி. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. ஆய்வகம் இரண்டாம் ஆண்டுக்குள் வேண்டும், அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள்.

பணியிடம் அனுமதியாவதும் ஆள் வருவதும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: 2022இல் காலியிடங்களுக்கு மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியர் எடுத்தபோது மாதம் 10,000 ரூபாய் என்றார்கள். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் தேறியவருக்கு இது ஊதியமா? கேள்விக்கு வெளியே போகிறேன், தெரியும். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கை அவர்தான் நடத்துகிறார்.

இன்னொன்று. சட்டமன்ற மானியக் கோரிக்கையில் அறிவிப்பு வந்த அன்றே பட்டாசு வெடிக்க வேண்டாம். பள்ளியின் பெயர் இருக்கும் அரசாணை வர வேண்டும். அது ஜூன் மாதத்தைத் தாண்டி வந்தால், உங்கள் பிள்ளைகள் அதற்குள் வேறு பள்ளியில் சேர்ந்திருப்பார்கள். புதிய ஒன்பதாம் வகுப்பில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆகஸ்ட் 1 எண்ணிக்கையாக அதுவே பதிவாகும். அதனால் ஏப்ரல் மாதத்திலேயே எட்டாம் வகுப்புப் பெற்றோர் பட்டியலைக் கையெழுத்தோடு வைத்திருங்கள். அரசாணை கிடைத்த அன்றே அந்த வீடுகளுக்குப் போய், மாற்றுச் சான்றிதழை வாங்கி வரச் சொல்லுங்கள்.