லாபம் சரி, பணம் எங்கே?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஃபைனான்ஸ் முதுகலைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாவது பெரிய பெயர். தரவரிசையில் மேலே இருக்கிறது. பத்தே மாதப் படிப்பு, வகுப்பில் இருநூறு பேர், நோபல் பரிசு பெற்ற ஒருவரும் அங்கே இருக்கிறார். கடன் வாங்கித்தான் சேர வேண்டும். முன்பணம் கட்டிவிட்டேன், அது திரும்ப வராது. இரண்டாவது சிறியது. இரண்டாண்டு, ஆய்வேடு கட்டாயம், பாதிக் கட்டணம் தள்ளுபடி. நண்பர்கள் ‘பிராண்டை விடாதே’ என்கிறார்கள். முன்பணம் வீணாகுமே என்பதும் உறுத்துகிறது. நீங்கள் கணக்கியல் படித்தவர் என்பதால் கேட்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

கே.

அன்புள்ள கே.,

இரண்டு நாளாகப் பழைய தாள்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நடுவே உங்கள் கடிதம் வந்தது. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

முதலில் திட்டிவிடுகிறேன். முன்பணம் வீணாகுமே என்கிறீர்கள். போன பணம் போனதுதான். எங்கே சேர்ந்தாலும் அது திரும்பாது என்றால், இனி எடுக்கும் முடிவில் அதற்கு வேலையே இல்லை. நீங்கள் சேரப்போகும் படிப்பின் அரிச்சுவடி இது. கடனைப் பற்றியோ ஒரே ஒரு வரி. வட்டி எவ்வளவு, தவணை எந்த மாதம் தொடங்கும், வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் என்ன ஆகும்? ஒரு எண்கூடக் கடிதத்தில் இல்லை. அடுத்தவர் பணத்துக்கு ஆலோசனை சொல்லப் படிக்கப்போகிறவர் சொந்தக் கடனை இப்படியா பார்ப்பது? இரண்டாவது இடத்தில் கூடுதலாக ஓராண்டுக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருப்பீர்கள், அதுவும் செலவுதான். உங்கள் நண்பர்கள் அதையாவது சொல்லியிருக்கலாம்.

நோபலை விடுங்கள். 1997இல் அந்தப் பரிசைப் பெற்ற இருவர் பங்காளிகளாக இருந்த லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், அடுத்த ஆண்டே கவிழ்ந்தது. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பாடம் தெரியாது என்று சொல்ல வரவில்லை. உங்கள் விடைத்தாளை நோபல்காரர் திருத்தப்போவதில்லை, அவ்வளவுதான்.

தரவரிசையும் அப்படியே. ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் தரவரிசைப் பட்டியலில் பெரிய எடை, படித்து முடித்து மூன்று ஆண்டு ஆனவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு. கெட்டிக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்ட இடத்தில் சம்பளம் கூடத்தான் இருக்கும். வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்பது அந்த எண்ணில் இல்லை. பெரிய பெயர் நேர்முகத் தேர்வின் வாசல்வரை கொண்டுபோய் விடும், அதை மறுக்கமாட்டேன்.

தாள்களுக்கு வருகிறேன். நான் படித்த காலத்தில் ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதிய கட்டுரை அகப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு லாபம் ஏறியிருந்தது. நான்கு பக்கத்துக்குப் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன், படிக்கக் கூசுகிறது. கடைசியில் ஆசிரியரின் பென்சில் எழுத்து: ‘லாபம் சரி, பணம் எங்கே?’ வேறெதுவும் இல்லை, மதிப்பெண்கூட.

திருத்திக்கொண்டுபோனேன். அதே வரியைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் போனேன். மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது: விற்பனை ஏறியதைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி ஏறியிருந்தது. சரக்கை அனுப்பியதுமே விற்பனையில் சேர்த்து லாபம் என்று எழுதிவிட்டார்கள். வாங்கியவன் இன்னும் பணம் கொடுக்கவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் பட்டவர்த்தனமாக இருந்ததை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாள் மறந்திருப்பேன். வகுப்பில் நாங்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரின் தாளிலும் அந்தப் பென்சில் இருந்தது. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. நன்றி சொல்லவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்துதான் படிக்கச் சொல்வார், அடிக்குறிப்பிலிருந்து. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். 2001 டிசம்பரில், கணக்கு மோசடி வெளிப்பட்டு, அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் திவாலானது. அதன் 2000ஆம் ஆண்டறிக்கையை எடுத்துப் பின்னாலிருந்து படித்தேன். நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த கூட்டு நிறுவனங்களை நடத்துபவர், அதே என்ரானின் மூத்த அதிகாரி ஒருவர் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. ஒளிக்கவில்லை, அச்சிட்டே வைத்திருந்தார்கள். மொழிதான் கரடுமுரடு. எத்தனை பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்! அவர்கள் தாளில் யாரும் பென்சில் வைக்கவில்லை போலும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எங்கேயோ போய்விட்டேன். எதில் சேர்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இடங்களிலும் இப்போது படிப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: நீ எழுதியதைக் கடைசியாக யார் படித்தார், திருப்பித் தந்தாரா, என்ன எழுதியிருந்தார்? சின்ன இடம் என்பதாலேயே அங்கே அக்கறை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆய்வேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஆட்கள் உண்டு.

இரண்டு பதிலையும் எனக்கு அனுப்புங்கள். கூடவே கடன் கணக்கையும். எக்ஸெல் வேண்டாம், தாளில் கையால் போட்டு அனுப்புங்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது.