வெளுத்த திட்டெல்லாம் ஏரியா?

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் பாலைவனத்தின் நடுவே வெளுத்த திட்டுகள் தெரிகின்றன. எது வற்றிய ஏரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நிறத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸும் வெள்ளைவெளேர்தான். ஆனால் அவை ஜிப்சம் என்ற மென்மையான உப்புக் கனிமத்தின் மணல்மேடுகள். பக்கத்து ஏரிப்படுகையிலிருந்து காற்று வாரிக் குவித்தவை.

முதலில் ஓடைத்தடங்களைப் பாருங்கள். நாலாபுறமிருந்தும் இறங்கிவந்து திட்டிலேயே முடிந்துபோனால் அது ஏரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறினால் ஆறு. அடுத்து, மட்டம். கலிபோர்னியாவின் ரேஸ்ட்ராக் என்ற வற்றிய ஏரிப்படுகை சுமார் 4.5 கி.மீ. நீளம், இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். ஆற்றுப்படுகை இப்படி இருக்காது, ஒரு பக்கம் சரிந்தே போகும்.

நேரில் போனால் திட்டின் நடுவில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணெடுங்கள். ஓரத்தில் எடுத்தால் பழைய கரையின் மணலும் கூழாங்கல்லும் வந்து குழப்பும். மேலாக எடுத்தால் காற்று கொண்டுவந்த மணல்தான் கிடைக்கும். நனைத்து விரலிடுக்கில் தேய்த்தால் வழவழப்பாக நாடாபோல் நீள வேண்டும். நறநறவென்றால் சந்தேகம்தான். குழியின் சுவரில் காகித அடுக்குபோல் மெல்லிய படிவுகளும் பொடி நத்தை ஓடுகளும் தெரிந்தால் மிக நல்ல சான்று. தரையின் வெடிப்பை மட்டும் நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள்; சேற்றுக் குட்டை காய்ந்தாலும் அதே பலகோண வெடிப்பு வரும்.

உப்பு படியும் வரிசையும் உதவும். நீர் வற்றும்போது முதலில் கார்பனேட் (சுண்ணாம்பு வகை), பிறகு ஜிப்சம், கடைசியாகச் சாதாரண உப்பு. அதனால் பல படுகைகளில் விளிம்பிலிருந்து நடுவரை வளையம் வளையமாக நிறம் மாறும். நீர்த்த அமிலம் பட்டுப் பொங்கினால் கார்பனேட். பொங்காமல் நகத்தால் கீறுபட்டால் ஜிப்சம்.

கடைசியாக மலைச்சரிவை அண்ணாந்து பாருங்கள். யூட்டாவில் பழைய பான்வில் ஏரியின் கரைக்கோடுகள் இன்றைய கிரேட் சால்ட் ஏரிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே படிக்கட்டுபோல் தெரிகின்றன. பாறை அடுக்கும் கோடாகத் தெரியும் என்பதால் ஏறிப் பார்ப்பது நல்லது. கோடு வெவ்வேறு பாறைகளைக் குறுக்கே வெட்டிச் சென்று, மேலே உருண்ட கூழாங்கற்களும் கிடந்தால் அது அலை அரித்த கரை.

கேள்வி: அதன்மேல் வண்டி ஓட்டலாமா?

பதில்: களிமண் இறுகிய படுகை சிமென்ட் தரைபோல் இருக்கும், கலிபோர்னியாவின் ரோஜர்ஸ் படுகையில் விண்வெளி ஓடங்களே இறங்கியிருக்கின்றன. ஆனால் உப்புப் பொருக்கு உப்பி, மிதித்தால் நொறுங்கினால் நிலத்தடி நீர் அருகிலேயே இருக்கிறது, அடியில் சேறு. கம்பியால் பல இடங்களில் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் வண்டியைக் கரையிலேயே நிறுத்துங்கள். மழை பெய்திருந்தால் இறுகிய படுகையிலும் இறங்கக் கூடாது.