எழுதுவது யார், சமைப்பது யார்?

(காலிங்கராயன் வாய்க்கால் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து, கொங்கு வீட்டுச் சமையல், கைத்தறி, வீட்டுப் பராமரிப்பு பற்றி ஒரு சிறிய இணையதளம் வருகிறது. அதன் பின்னால் இருப்பவர்கள் யார் என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். தளத்தில் எழுதும் பெண்மணிக்கே கேள்விகளை அனுப்பிவைத்தோம். அவர் எழுதிய பதில்கள் இவை.)

பெருந்துறை வாசகி: உங்கள் தளத்தைப் பார்த்தால் பெரிய அலுவலகம் வைத்து நடத்துவது மாதிரி தெரிகிறது. உண்மையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

நாலு பேருங்க. அலுவலகம் கிடையாது. எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஒரு மேசையும் ஒரு மடிக்கணினியும் இருக்கின்றன. மற்ற வேலையெல்லாம் அடுப்படியிலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காளியிலும்தான்.

சமைப்பவர் என் மாமியார். எழுபதைத் தாண்டிவிட்டார். தளத்தில் வரும் சமையலில் முக்கால்வாசி அவர் கையில் வெந்தது. எழுதுவது நான். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அதனால் துணி, நூல் பற்றிய பகுதிகளும் என் பொறுப்பு. படம் எடுப்பது என் நாத்தனார் மகள். கோவையில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவாள். படத்தில் மினுமினுக்க வேண்டும் என்று சோற்றின் மேல் எண்ணெய் தடவுவதெல்லாம் அவளிடம் நடக்காது. எடுத்த படத்தில் இருப்பதைத்தான் அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

நாலாவது ஆள்தான் எனக்கு முக்கியமானவர். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த அய்யா. பிழை திருத்தித் தருவார் என்றுதான் முதலில் கேட்டோம். அவர் எழுத்துப் பிழையோடு நிற்கவில்லை. நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘யார் சொன்னது?’ என்று எழுதிவிடுவார். ‘இது உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று எழுதியிருப்பேன். யார் சொன்னது? மாமியார் சொன்னது என்றால், ‘எங்கள் வீட்டில் மாமியார் சொல்வது’ என்றே எழுதச் சொல்வார். இன்று வரை எங்கள் தளத்தின் ஒரே விதி அதுதான். ஒரு விஷயத்தைச் செய்து பார்த்தவர் யார், சொன்னவர் யார் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எப்படி ஒருவர் தன் வீட்டு அடுப்பில் அதைச் செய்து பார்ப்பார்?

அம்பத்தூர் வாசகி: நீங்கள் போட்ட அளவில் அரிசியும் பருப்புஞ் சாதம் செய்தேன். நன்றாக வந்தது. ஆனால் பொள்ளாச்சியில் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) செய்தது போல் இல்லை. எது சரியான முறை?

உங்கள் அமுச்சி செய்தது உங்களுக்குச் சரி. அதை விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் போட்டது எங்கள் மாமியார் வீட்டு அளவு. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரே ஒரு தக்காளி, மஞ்சள்தூள். தாளிக்கக் கடலெண்ணெய், இறக்கியபின் நெய். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை அதிகம், தேங்காய் சேர்க்கும் வீடுகள் உண்டு. பருப்பை அரைப்பங்கு வரைக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் தக்காளியே போடுவதில்லை. இத்தனைக்கும் இடையில் ‘அசல் கொங்கு முறை’ என்று ஒன்றை எடுத்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் எந்த வீட்டு முறை, எந்த ஊர் என்று போடுகிறோம்.

அளவு எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமியாரிடம் எத்தனை கரண்டி என்று கேட்டால் பதில் வராது, அவருக்கு எல்லாம் கைப்பிடிதான். நான் பக்கத்தில் ஒரு காலிப் போசியைத் தராசின் மேல் வைத்துவிடுவேன். அவர் கையில் எடுத்ததை முதலில் அதில் போடுவார், எடையைக் குறித்துக்கொண்டு அடுப்புப் பாத்திரத்தில் கொட்டுவேன். அதே அளவில் வேறொரு நாள் நான் தனியாகச் செய்து பார்ப்பேன். இரண்டும் ஒன்று போல வந்தால்தான் தளத்தில் ஏறும். உங்கள் அமுச்சி இருக்கிறார் என்றால் இந்த வாரமே ஒரு தராசை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எழுதி அனுப்பினால் அவர் பெயரிலேயே போடுகிறோம்.

திருப்பூர் வாசகர்: இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு புகழ்ந்து எழுதும் வழக்கம் உங்களிடமும் உண்டா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கிடையாது. கேட்டவர்கள் உண்டு. ஒரு மசாலா நிறுவனத்திலிருந்து, ‘எங்கள் அத்தை காலங்காலமாக இதைத்தான் வாங்குகிறார்’ என்று எழுதச் சொல்லி, வாசகத்தையும் அவர்களே தயாரித்து அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் மசாலாவை வறுத்து அரைக்கிறோம், கடையில் வாங்குவதே இல்லை. என் மாமியாரின் பெயரில் ஒரு பொய்யை எழுத என்னால் ஆகாது. முடியாது என்று எழுதிவிட்டேன். கொஞ்ச நாள் அதே வாசகம் வேறு இடங்களில், வேறு அத்தைகளின் பெயரில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். நம் வீட்டுப் பெரியவர்கள் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை அல்லவா அப்படி எடுத்து விற்கிறார்கள்!

காசு வாங்கி எழுதுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறைப்பதுதான் குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் இதற்கென்றே வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில், சமூக ஊடகங்களில் பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்காக நுகர்வோர் துறை தனிக் கையேடு வெளியிட்டது. பணம், இலவசப் பொருள், பயணச் செலவு, தள்ளுபடி என்று எது வாங்கியிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்பது. தமிழில் பாராட்டிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று போட்டால் போதாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். ஊர்க்காரர்கள் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாமக்கல் வாசகி: அப்படியானால் வருமானம்?

தளத்துக்கு ஆகும் செலவை என் ஓய்வூதியமும் நாத்தனார் மகளின் சம்பளமும் தாங்குகின்றன. அது போதும் என்கிற அளவில்தான் வைத்திருக்கிறோம்.

கரூர் வாசகர்: ‘பவானி ஜமக்காளம்’ என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் வாங்கினேன். மெலிதாக இருக்கிறது, துவைத்ததும் சுருங்கிவிட்டது. கைத்தறிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் இருந்த காலத்தில் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றவர்கள் இதை நெய்தவர்கள்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கும் முன்னாலேயே, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட துணி வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. ஒதுக்கப்பட்ட பட்டியலில் இப்போது 11 வகைகள். அந்த வகையை விசைத்தறியில் நெய்வதே சட்டப்படி தவறு. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிப் பவானியின் பெயரில் விற்பது நின்றபாடில்லை.

குழித்தறியில் நெய்யும்போது குறுக்கே போகும் ஊடை நூலை நெருக்கி நெருக்கி அடிப்பார்கள். நெடுக்கே ஓடும் பாவு நூல் வெளியே தெரியாது. பட்டை பட்டையாகத் தெரியும் நிறமெல்லாம் ஊடையின் நிறம். கனம் வருவது அப்படித்தான். உங்களிடம் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழைக்கு இடையில் வெளிச்சம் தாராளமாக வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கைத்தறி முத்திரை இருக்கிறதா, பில்லில் எந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலேயே வாங்கலாம். தூரமாக இருந்தால் கோ-ஆப்டெக்ஸ் கடையில் கேளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் ஒரே கேள்வி: யார் நெய்தது? ஊரும் சங்கமும் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு ஜமக்காளத்துக்கு முன்னால் மணிக்கணக்காகக் குழியில் கால் வைத்து உட்கார்ந்த ஒருவர் இருக்கிறார். அவருடைய கூலியைத்தான் அந்தப் போலிப் பெயர் தின்கிறது. தறிக்குப் போக நெசவாளர் வீட்டில் அடுத்த தலைமுறை தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். தளத்தில் நெசவைப் பற்றி வரும் பகுதிகளில், நெய்தவர் சம்மதித்தால், அவர் பெயரைத் துணியின் பெயருக்கு மேலே போடுகிறோம்.

ஈரோடு வாசகி: உங்கள் மாமியார் படம் ஒன்றுகூட இல்லையே, ஏன்?

அவருக்கு விருப்பமில்லை. கை வரும் படங்கள் போதும் என்கிறார். அவர் பெயரும் ஊரும் தளத்தில் இருக்கின்றன.

கோவை கல்லூரி மாணவி: வேறு தளங்களைப் படிக்கும்போது, எழுதியவர் நேரில் பார்த்துத்தான் எழுதுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்க கண்ணு. மஞ்சளை எடுத்துக்கொள்வோம். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வயலுக்கு வந்தவர் வேறு மாதிரி எழுதுவார். தோண்டி எடுத்த மஞ்சளை அப்படியே காயப்போடுவதில்லை, வேகவைக்க வேண்டும். கொப்பரையில் வெந்துகொண்டிருக்கும்போதே வாசனை மாறும், குச்சியால் குத்தினால் சுலபமாக இறங்கும். அதற்கு மேல் வெந்தாலும் நிறம் கெடும், வேகாமல் விட்டாலும் காய்ந்தபின் தெரிந்துவிடும். பிறகு பத்துப் பதினைந்து நாள் களத்தில் வெயில். காய்ந்ததை டிரம்மில் போட்டுச் சுற்றினால்தான் கடையில் பார்க்கும் மெருகு வரும். விரல் போல் நீண்ட விரலி தனி, உருண்டைக் கிழங்கு தனி, விலையும் தனி. ‘மஞ்சளை அறுவடை செய்து உலர்த்தித் தூளாக்குவார்கள்’ என்று ஒரே வரியில் கடந்துபோனவர் களத்துப் பக்கம் வந்திருக்க மாட்டார்.

தூளைப் பற்றி எழுதுகிறவர் கலப்படத்தைச் சோதித்துப் பார்த்தாரா என்றும் கவனியுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டில் செய்யும் சுலபமான சோதனை ஒன்று சொல்லியிருக்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட வேண்டும். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர் மஞ்சளாகிவிடும். எங்கள் தளத்தில் அந்த டம்ளர் படம் இருக்கிறது. எடுத்த நாளும், தூள் எந்த மில்லில் அரைத்தது என்பதும் கீழேயே இருக்கும்.

அப்புறம், கேள்வி கேட்டு எழுதிப் பாருங்கள். பெயரோடு பதில் வந்தால் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார்.

சேலம் வாசகி: உங்கள் மாமியார் கையால் ஒருமுறை சாப்பிட வேண்டும். நேரில் வரலாமா?

தாராளமாக வாங்க. தை, மாசியில் மட்டும் மஞ்சள் வேலை நடக்கும். அப்போது வந்தால் உட்கார வைத்துப் பேச ஆள் இருக்க மாட்டோம், களத்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறைக்கு வருகிற கூட்டத்தில் பஸ் கிடைப்பது கஷ்டம். மற்றபடி எந்த ஞாயிறும் சரி, நாத்தனார் மகளும் இருப்பாள். முதல் நாள் பொழுதோடு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கொள்ளு ஊறப்போட வேண்டும்.